தானே மணி பிடிக்குமா குளிர்காலச் சூரியகாந்தி?

மார்கழிப் பட்டத்துக்குச் சூரியகாந்தி விதை வாங்கப் போகும் உழவர் கடையில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு. "இந்த வீரிய ஒட்டு பனி தாங்கும்" என்பது ஒன்று. "தேனீ வராவிட்டாலும் தானே மணி பிடிக்கும்" என்பது மற்றொன்று. இவற்றை நம்பித்தான் சாதாரண ரகத்தைவிடக் கூடுதல் விலை கொடுத்துப் பொட்டலம் வாங்கப்படுகிறது. அறுவடைக்குப் பின் கொண்டையைத் தட்டும்போது பாதி பொக்காக உதிர்ந்தால், கடைக்காரர் வானிலையைக் குறை சொல்வார். உழவர் விதையைக் குறை சொல்வார். யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க இருவர் கையிலும் ஆதாரம் இருக்காது.

அந்த ஆதாரம் விதைப் பையின் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். முளைப்புத் திறன் இத்தனை விழுக்காடு என்று போடுவது போல, துணியால் மூடி வைத்த கொண்டையில் எத்தனை விழுக்காடு மணி பிடித்தது என்பதையும் போட வேண்டும். பெரிய பண்ணை வைத்திருப்பவர் ஒரு பட்டத்தின் நட்டத்தை அடுத்த பட்டத்தில் ஈடு செய்துகொள்வார். ஒன்றரை ஏக்கர் இறவை வைத்திருப்பவருக்கு மார்கழிப் பட்டம் பொக்காகிப் போனால், கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகை சித்திரையில் மீளாது.

பனி தாங்குவது எது?

முதலில் பனி தாங்கும் கதையைப் பார்த்துவிடலாம். அது சீக்கிரம் முடிந்துவிடும். குளிர்காலப் பயிர் என்பதும் குளிர் தாங்கும் பயிர் என்பதும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் ரேப்சீட் என்னும் கடுகின உறவுப் பயிரை ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் விதைக்கிறார்கள். செடி தரையோடு தரையாக இலை விரித்து, இலையுதிர் காலக் குளிரில் மெல்ல மெல்லப் பழகி, பிறகு உறைபனிக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்து, வசந்தத்தில் தண்டு நீட்டிப் பூக்கும். அந்தக் குளிரைப் பட்டால்தான் பூக்கவே செய்யும். அத்தகைய பயிருக்குக் குளிர் தாங்கும் திறன் உயிர்ப் பிரச்சினை. வட இந்தியக் கடுகுக்கும் டிசம்பர், ஜனவரி உறைபனி ஒரு கண்டம்தான்.

சூரியகாந்தியில் இத்தகைய குளிர்கால வகை பயிரில் இல்லை. குளிர் நாடுகளில்கூட மண்ணின் வெப்பம் 8 முதல் 10 டிகிரி செல்சியஸுக்கு ஏறிய பிறகே வசந்தத்தில் விதைக்கிறார்கள். தமிழ்நாட்டுச் சமவெளியிலோ, கோவை போன்ற இடத்தில் டிசம்பர், ஜனவரி இரவு வெப்பம் சராசரியாக 18 டிகிரி அளவில் நிற்கிறது. இந்தக் குளிர் எந்த ரகச் சூரியகாந்தியையும் கொல்லாது. ஆகவே சமவெளி உழவரிடம் "பனி தாங்கும்" என்று சொல்லி விற்பது, வெயில் தாங்கும் குடை என்று சொல்லிக் குடை விற்பதைப் போன்றது. அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் குளிர்காலம் வேறு வழியில் கெடுதி செய்கிறது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த சூரியகாந்தி மார்கழி, தையிலும், மார்கழியில் விதைத்தது மாசியிலும் பூக்கும். விடியற்காலைப் பனியில் கொண்டை நனைந்திருக்கும். மகரந்தத்தூள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேனீயோ வெயில் ஏறிய பிறகுதான் புறப்படும். மூட்டம் போட்ட நாளில் அதுவும் குறையும். செடி குளிரைத் தாங்கிவிடுகிறது. மகரந்தச் சேர்க்கைதான் தாங்குவதில்லை. எனவே கடையில் சொல்லும் இரண்டாவது பேச்சுதான் உண்மையில் பணம் பெறும் பேச்சு.

ஒரு கொண்டைக்குள் நடப்பது

சூரியகாந்திப் பூ என்று சொல்வது ஒரே பூ அல்ல. சுற்றிலும் உள்ள மஞ்சள் இதழ்கள் பூச்சிகளை அழைக்கும் அலங்காரம். அவற்றில் மணி பிடிக்காது. நடுத்தட்டில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் நூற்றுக்கணக்கான, பெரிய கொண்டையானால் ஆயிரத்துக்கும் மேலான, சிறு பூக்கள்தான் ஒவ்வொன்றும் ஒரு மணியாகும். அவை ஓரத்திலிருந்து மையம் நோக்கி, நாளொன்றுக்கு ஒன்று முதல் நான்கு வரிசை வீதம் மலரும். ஒரு கொண்டை முழுதும் மலர 5 முதல் 10 நாள் ஆகும்.

ஒவ்வொரு சிறு பூவிலும் முதல் நாள் காலையில் மகரந்தம் வெளிப்படும். சூல்முடி அதற்குப் பிறகு, பெரும்பாலும் மறுநாள்தான் மேலே வந்து இரண்டாகப் பிரியும். ஆண் பாகம் முந்தி, பெண் பாகம் பிந்தி. தன் மகரந்தம் தன்மேல் விழாதபடி இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. அதற்கும் மேலாக இன்னொரு பூட்டும் உண்டு. பழைய ரகங்களில் பல செடிகள், தன் மகரந்தம் தன் சூல்முடியின் மேல் விழுந்தாலும் அதை முளைக்க விடுவதில்லை. பக்கத்துச் செடியின் மகரந்தம்தான் வேண்டும். அதைக் கொண்டுவரத் தேனீதான் வேண்டும். சூரியகாந்தியின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது, காற்றில் அதிக தூரம் போகாது.

இந்தப் பயிர் இந்தியாவில் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். 1969-ல் சோவியத் ரஷ்யாவிலிருந்து பெரடோவிக் முதலான எண்ணெய் ரகங்கள் வரவழைக்கப்பட்டன. 1970-களின் தொடக்கத்தில் பெரும் நம்பிக்கையோடு பரப்பப்பட்டன. செடி நன்றாக வளர்ந்தது, பூவும் தட்டு அகலத்துக்குப் பூத்தது, ஆனால் பல இடங்களில் மணியில் பால் இல்லை. அந்த நாளில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட ஊர்களில் சூரியகாந்தி என்றாலே முகம் சுளித்தார்கள். அதே 1969-ல் பிரான்சில் லெக்ளர்க் என்ற அறிஞர், காட்டுச் சூரியகாந்தியோடு கலந்து ஆண் மலட்டுத்தன்மை உள்ள செடியைக் கண்டார். 1970-ல் அமெரிக்காவில் கின்மன் என்பவர் அந்த மலட்டுத்தன்மையை நீக்கி மகரந்தத்தை மீட்டுத் தரும் மரபணுவைக் கண்டார். இந்த இரண்டும் சேர்ந்ததும் வீரிய ஒட்டு விதையைப் பெருமளவில் உண்டாக்க வழி பிறந்தது. இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சூரியகாந்தியான பி.எஸ்.எச்.1 பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1980-ல் வெளிவந்தது.

வீரிய ஒட்டுக்காகப் பெற்றோர் வரிசைகளைப் பல தலைமுறை தன்னோடு தானே சேர்த்துத் தூய்மைப்படுத்துகிறார்கள். தன் மகரந்தத்தை ஏற்காத செடி அந்தச் சல்லடையிலேயே கழிந்துபோகும். அதனால்தான் வீரிய ஒட்டுகள் பொதுவாகப் பழைய ரகங்களைவிட நன்றாகத் தானே மணி பிடிக்கின்றன. கடைக்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லா வீரிய ஒட்டும் ஒரே அளவில் அப்படி இல்லை. அந்த அளவைத்தான் யாரும் சொல்வதில்லை.

"தானே மணி பிடிக்கும்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. செடி மகரந்தம் உண்டாக்க வேண்டும். அது மீட்டுத் தரும் மரபணுவின் வேலை. அந்த மகரந்தத்தைத் தன் சூல்முடியே ஏற்க வேண்டும். அது வேறு குணம். மகரந்தம் சூல்முடியைப் போய்த் தொடவும் வேண்டும். தேனீ வராத பூவில் சூல்முடியின் இரு கிளைகளும் நாளாக நாளாகப் பின்னோக்கிச் சுருண்டு, கீழே ஒட்டிக்கிடக்கும் தன் பூவின் மகரந்தத்தைத் தொடும். சில ஒட்டுகளில் நன்றாகச் சுருளும், சிலவற்றில் அரைகுறையாக நிற்கும். மூன்றில் ஒன்று தவறினாலும் பொக்குதான். வயலில் நின்று பார்க்கும்போது மகரந்தம் மஞ்சளாக விரலில் ஒட்டுகிறதே என்று ஏமாந்துபோவது இதனால்தான்.

ஐரோப்பா கற்ற பாடம்

மேலே சொன்ன ரேப்சீட் பயிரில் ஐரோப்பியர் இதே சங்கடத்தை அனுபவித்தார்கள். அந்தக் கதை இங்கே தெரிந்திருப்பது நல்லது. ரேப்சீட் இயல்பாகவே தன் மகரந்தத்தை ஏற்கும் பயிர். அதில் வீரிய ஒட்டு உண்டாக்க, ஜப்பானிய முள்ளங்கி ஒன்றில் 1968-ல் கண்டறியப்பட்ட ஆண் மலட்டுத்தன்மையை ஒட்டினார்கள். வந்த செடிகள் குளிர் பட்டதும் வெளிறி மஞ்சளாயின. முள்ளங்கியின் பச்சையக் கூறுகள் ரேப்சீட்டின் உடம்பில் குளிரில் சரியாக வேலை செய்யாததே காரணம். 1983-ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் இரு பயிரின் உயிரணுக்களை ஒன்றிணைத்து, மலட்டுத்தன்மையை மட்டும் வைத்துக்கொண்டு பச்சையத்தை மாற்றி அந்தக் குறையை நீக்கினார்கள். குளிர் தாங்குவதும் மகரந்தம் உண்டாக்குவதும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது பயிர் வளர்ப்பில் புதிதல்ல.

மகரந்தத்தை மீட்டுத் தரும் மரபணு சரியாக அமைவதற்குள், 1990-களில் ஒரு குறுக்கு வழி சந்தைக்கு வந்தது. பையில் நூற்றுக்கு எண்பது விதை மகரந்தமே இல்லாத வீரிய ஒட்டு. மீதி இருபது மகரந்தம் கொடுக்கும் வேறு ரகங்கள். இந்த இருபது அந்த எண்பதுக்கும் மகரந்தம் கொடுக்க வேண்டும். வெயில் அடித்து, காற்று வீசி, தேனீ பறந்த ஆண்டுகளில் விளைச்சல் சிறப்பாகவே வந்தது. பூக்கும் காலத்தில் குளிரும் ஈரமும் நீடித்த இடங்களில் காய் பிடிக்காமல் உழவர் நட்டப்பட்டார்கள். பிறகு, ஒவ்வொரு செடியும் தன் மகரந்தத்தைத் தானே உண்டாக்கும் முழு வளமுள்ள ஒட்டுகள் வந்ததும் அந்தக் கலவை விதை பின்வாங்கியது.

அங்கே கலவை என்பதைச் சொல்லித்தான் விற்றார்கள். உழவருக்கு எதை நம்பி விதைக்கிறோம் என்றாவது தெரிந்திருந்தது. இங்கே அந்த அளவு தகவலும் பையில் இல்லை என்பதுதான் குறை.

துணியால் தேய்த்தால் போதாதா?

மணி பிடிக்கக் கைமுறை மகரந்தச் சேர்க்கை செய்யலாமே என்று கேட்கலாம். காலை 9 மணி முதல் 11 மணி வரை, மெல்லிய துணியைக் கையில் சுற்றிக் கொண்டைகளை மெதுவாகத் தேய்ப்பதும், இரு கொண்டைகளை முகத்தோடு முகம் வைத்து உரசுவதும், ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முறை செய்வதும் பரிந்துரையில் உள்ளவை. செய்தால் பலன் உண்டு. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 60-க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 22,500 செடி நிற்கும். ஒருவர் நிமிடத்துக்குப் பத்துக் கொண்டை தேய்த்தாலும் இரண்டு மணி நேரத்தில் 1,200தான். ஒரு ஏக்கரை ஒரு காலையில் முடிக்கப் பத்தொன்பது பேர் வேண்டும். ஐந்து முறைக்கும் ஆள் கூலி என்ன ஆகும்? கணவனும் மனைவியும் மட்டும் இறங்கினால் ஒரு காலையில் பத்துப் பதினொரு சென்ட் முடியும். நாள் மாற்றி வேறு பகுதியைச் செய்தால் இருபது சென்ட். கால் ஏக்கர்க்காரருக்கு இது நல்ல யோசனை. அதற்கு மேல் உள்ளவரிடம் இதைச் சொல்லிவிட்டு நகர்வது, ஒரு காலை முழுதும் கொண்டை தேய்த்துப் பார்க்காதவர் செய்யும் காரியம்.

தேனீதான் மலிவான ஆள். எக்டருக்கு 5 பெட்டி என்பது பரிந்துரை. ஏக்கருக்கு 2 பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். தானே மணி பிடிக்கும் ஒட்டுகளிலும் தேனீ வந்தால் மணி கூடுகிறது, எடை கூடுகிறது. பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீயைவிடச் சற்றுக் குளிர்ந்த காலையிலும் வெளியே புறப்படும் என்பது இந்தப் பட்டத்துக்கு ஒரு வசதி. 1991-ஐ ஒட்டி வந்த தாய் சாக்புரூட் நச்சுயிரி நோயில் தென்னிந்தியாவில் இந்தத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. மீண்டு வர ஆண்டுகள் ஆயின. இன்றைக்கு அவற்றுக்குப் பெரிய எதிரி, பூக்கும் வயலில் காலை நேரத்தில் அடிக்கும் பூச்சிமருந்து. கொண்டைத் துளைப்பானுக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் தேனீ கூடடைந்த பிறகு மாலையில் அடிப்பதுதான் முறை. மருந்தடித்துத் தேனீயை விரட்டிவிட்டு, பிறகு தானே மணி பிடிக்கும் விதையைத் தேடி அதிக விலை கொடுப்பது விந்தையான செலவு.

பையில் என்ன அச்சிட வேண்டும்?

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் வழியே சூரியகாந்தி விதைக்குக் குறைந்தது 70 விழுக்காடு முளைப்புத் திறன் வேண்டும் என்று வரையறை உண்டு. முளைப்பு, தூய்மை எல்லாம் சீட்டில் இருக்கின்றன. விதை முளைத்தால் மட்டும் உழவர் வீட்டுக்குப் பணம் வந்துவிடாது. மூடிய கொண்டையிலும் திறந்த கொண்டையிலும் எத்தனை மணி பிடித்தது என்ற இரண்டு எண்களைச் சீட்டில் சேர்க்கப் பெரிய செலவு இல்லை. துணிப் பையும் எண்ணும் ஆளும் போதும்.

இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் அந்த எண் மாறுமே என்பது விதை உற்பத்தியாளர் சொல்லக்கூடிய மறுப்பு. மாறும்தான். விளைச்சலும் மாறுகிறது, அதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடத் தயங்குவதில்லையே! கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று என இரு பருவத்துச் சோதனை எண்களைப் போடட்டும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் ஐதராபாத்தில் உள்ள இந்திய எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிறுவனமும் இத்தகைய சோதனையை எளிதில் செய்யக்கூடியவை. தனியார் ஒட்டுகளையும் சேர்த்து, குளிர்காலப் பட்டத்தில் சோதித்து, முடிவை விதைப்புக்கு முன் உழவர் பார்வைக்கு வைத்தால் கடைப்பேச்சுக்கு வேலை இருக்காது. நாட்டில் 1990-களின் முற்பகுதியில் 20 லட்சம் எக்டரைத் தாண்டியிருந்த சூரியகாந்திப் பரப்பு இன்று அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் சமையல் எண்ணெய் விலை என்ன ஆயிற்று என்பதை எல்லா வீட்டு அடுப்படியும் அறியும். விலையும் நோயும் கிளியும் சேர்ந்துதான் இந்தப் பயிரை விரட்டின. பொக்குக்கும் அதில் பங்கு உண்டு.

உழவரே செய்யும் சோதனை

சீட்டில் அச்சாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வயலின் நடுவில், மஞ்சள் இதழ் விரியும் முன் பதினைந்து செடிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து கொண்டைகளைப் பழைய வேட்டித் துணியில் தைத்த பையால் தளர மூடிக் காம்பில் கட்ட வேண்டும். பாலிதீன் பை ஆகாது. உள்ளே வியர்த்து மகரந்தம் கெடும். ஐந்தை அப்படியே விட வேண்டும். மீதி ஐந்தைத் திறந்தே வைத்து, வேறு செடிகளின் கொண்டையில் தேய்த்த துணியால் ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்க்க வேண்டும். பூத்து முடிந்ததும் பையை அவிழ்த்துவிடலாம். ஆனால் அடையாளக் கயிறு இருக்கட்டும். அறுவடையின்போது ஒவ்வொன்றிலும் மணி எத்தனை, பொக்கு எத்தனை என்று எண்ண வேண்டும்.

மூடியதில் நூற்றுக்கு 60, திறந்ததில் 80 என்றால் அந்த ஒட்டு குளிர்காலத்துக்கு நம்பத் தக்கது. மூடியதில் 15, திறந்ததில் 75 என்றால் தேனீயின் தயவில் நிற்கும் ஒட்டு அது. பெட்டி வைக்க வழியில்லாதவர் அதை மார்கழிப் பட்டத்துக்கு வாங்காமல் இருப்பதே மேல். மூடியதும் திறந்ததும் இரண்டும் குறைந்து, தேய்த்ததில் மட்டும் நிறைந்திருந்தால் அந்த வயலுக்குத் தேனீ வரவில்லை என்று பொருள். தேய்த்ததிலும் பொக்கே என்றால் பழியை மகரந்தத்தின் மேல் போடக் கூடாது. பூக்கும் தருணத்தில் தண்ணீர் தவறியதா, போரான் சத்துக் குறைவா என்று பார்க்க வேண்டும். போரானுக்கு, இதழ் விரியும் தருணத்தில் லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸை வெந்நீரில் கரைத்துச் சேர்த்துக் கொண்டையில் படும்படி தெளிப்பது பரிந்துரை.

பொக்கு எங்கே இருக்கிறது என்பதும் பேசும். நாளுக்குச் சில வரிசைகளாக மலர்வதால், கொண்டையில் ஒரு வளையமாகப் பொக்கு ஓடியிருந்தால் அந்த இரண்டு மூன்று நாள் மூட்டமோ மழையோ இருந்திருக்கும். மையத்தில் மட்டும் பொக்கு என்றால் கடைசியாக மலர்ந்த பூக்களுக்கு நீரும் சத்தும் எட்டவில்லை. ஓரம் முதல் மையம் வரை பரவலாகப் பொக்கு என்றால்தான் விதையைச் சந்தேகிக்க வேண்டும்.

பூக்கும் நாளில் வயலைச் சுற்றி வரும்போது மகரந்தமே இல்லாத கொண்டைகள் தென்படுகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்காங்கே ஒன்றிரண்டு இருந்தால் பெரிதில்லை. மிகுதியாக இருந்தால் விதை உற்பத்தியில் தவறு நேர்ந்திருக்கிறது. இல்லையென்றால் அது போன ஆண்டு விளைந்த மணியை விதையாக்கி விற்ற சரக்கு. வீரிய ஒட்டில் விளைந்ததை மீண்டும் விதைத்தால் மீட்டுத் தரும் மரபணு பிரிந்து, நான்கு செடிக்கு ஒன்று மகரந்தம் இல்லாத மலடாக வரும். சந்தேகம் வந்தால் கொண்டை காய்வதற்குள், விதைப் பை, சீட்டு, குவியல் எண், வாங்கிய ரசீது ஆகியவற்றோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்து மூலம் கொடுத்து, விதை ஆய்வாளரை வயலுக்கு வரச் சொல்ல வேண்டும். அறுத்த பிறகு போனால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.